வலது கைப் பக்கம் கடல்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொய் சொல்லாத ஆம்பளை இந்தத் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை என்பது என் கட்சி. ஒருத்தன் சம்பளத்தில் இருநூறு கூட்டிச் சொல்வான். ஒருத்தன் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை என்பான் (உண்மைதான், உதட்டால்தான் தொடுவான்). இதெல்லாம் கல்யாணமாகி ஆறே மாதத்தில் வெளுத்துப்போய், ரெண்டு நாள் சண்டையோடு தீர்ந்துவிடும். நான் சொன்னது அந்த ரகத்தில் சேராது. நான் கடலைப் பற்றிப் பொய் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு பம்ப்செட் மோட்டார் கடையில் வேலை. கடலை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்த பெரிய தண்ணீர் என்றால் கோமுகி அணைதான். அதையும் முக்கால்வாசி வற்றிய சமயத்தில்தான் பார்த்தேன்.

பெண் வீடு கல்வராயன் மலைமேல், கரியாலூரில். பெண்ணின் அப்பா சங்கராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். மலையில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனவர் அங்கேயே வேர் விட்டுவிட்டார். பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் எனக்குக் குமட்டி, இறங்கி முகம் கழுவிக்கொண்டு ஒருவழியாகப் போய் உட்கார்ந்தேன். கேசரி வந்தது. பெண் வந்தாள். பெயர் அமுதா. "பையன்கிட்ட எதுனா கேக்கணும்னா கேளும்மா" என்று கூட்டத்தில் ஒரு பெருசு பெருந்தன்மையாகச் சொன்னது. எந்தப் பெண்ணும் வாயைத் திறக்காது என்ற தைரியத்தில் சொல்கிற வார்த்தை அது. இவள் திறந்துவிட்டாள்.

"நீங்க கடல பாத்திருக்கீங்களா?"

வாத்தியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. மழை விட்ட காலையில் அதன்மேல் ஏறி நின்றால் கிழக்கே வெகுதூரத்தில், வானத்துக்கு அடியில், நீலமாக ஒரு கோடு தெரியும். அது கடல் என்று அமுதா எட்டு வயதிலிருந்து சொல்லி வருகிறாள். அது வெறும் மூட்டம் என்று வாத்தியார் சொல்லி வருகிறார். அவர் பூகோளம் எடுக்கிறவர், ஆகவே ஊரே அவர் பக்கம். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு அது.

எனக்கு இந்த வழக்கெல்லாம் என்ன தெரியும்? அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள், அது மட்டும்தான் தெரியும்.

"கடலா? கடைக்குச் சரக்கு எடுக்க மாசத்துக்கு ரெண்டு வாட்டி போறவங்க நானு. பாண்டிச்சேரில எனக்குத் தெரியாத சந்து கெடையாது" என்றேன்.

"அப்ப இங்கருந்து கெழக்கால நீலமா ஒரு கோடு தெரியுதே, அது கடல்தான?"

நான் அந்தப் பாறையையே பார்த்திருக்கவில்லை. "கடலேதான். வேற இன்னாவா இருக்கும்?" என்றேன்.

அவள் திரும்பி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தவர்கள்கூட எதிர்க்கட்சியை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் முடிந்தது.

கள்ளக்குறிச்சியில் குடித்தனம் வைத்த மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டாள். "இந்த மாசத்து ரெண்டு வாட்டி எப்பங்க போவீங்க? நானும் வரேன்." அமாவாசைக்குக் கடல் பொங்கும் என்றேன். பௌர்ணமிக்கும் பொங்கும் என்றேன். "நடுவுல?" என்றாள். நடுவில் மீன் முட்டை போடும், ஆட்களைக் கிட்டே விடமாட்டார்கள் என்றேன். (எங்கிருந்துதான் எனக்கு வந்ததோ!)

அது தவிர எனக்கு வாகான இன்னொரு சாக்கும் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லாவே ரோட்டில் இறங்கியிருந்த வருஷங்கள் அவை. பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. "இப்ப போனா மறியல்ல மாட்டிக்குவோம் அமுதா" என்று சொல்லியே ஏழு மாதம் ஓட்டினேன். அந்தப் போராட்டத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் என்று கேட்கப் போனவர்களில் வீடு திரும்பாதவர்களும் இருந்தார்கள். இங்கே நான் கிண்டல் செய்வதெல்லாம் அதைச் சாக்காக வைத்துப் பிழைத்த என்னைத்தான்.

என் சாக்குக்கு வேட்டு வைத்தவர் எங்கள் முதலாளி ஜமால் பாய். ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அமுதா அவரிடமே கேட்டுவிட்டாள்: "ஏன் பாய், கல்யாணத்துக்கு முன்னாடி மாசத்துக்கு ரெண்டு வாட்டி இவர பாண்டிக்கு அனுப்புனீங்களாமே. இப்ப ஏன் அனுப்பறதில்ல?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தராசைத் துடைத்தேன். எங்கள் கடையில் எடை போட்டு விற்கிற பொருளே கிடையாது, அந்தத் தராசு ஏன் இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

"சரக்கு கம்மியா வருதும்மா, அதான்" என்றார் பாய். அவள் போனதும் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து என் முன்னால் போட்டார். அவருடைய மச்சான் சவூதியில் சம்பாதித்துப் பாண்டிச்சேரியில் கடலோரமாக ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டிருந்தார். லீவில் வந்தால் தங்குவார், மற்ற நாளில் பூட்டியே கிடக்கும்.

"பொண்டாட்டிய கூட்டிக்கினு போயி கடல காட்டு. அப்டியே அந்தப் பொய்ய அதுலயே கழுவிட்டு வா" என்றார். "வூடு பத்திரம்பா. மச்சானோட உசுரு அது. இன்னொன்னு, கதவு தானா பூட்டிக்கிற கதவு. சாத்துனா உள்ளாற தாப்பா வுழுந்துடும். சாவி எப்பவும் இடுப்புல இருக்கணும். இன்னொரு சாவி எங்கிட்டதான் இருக்கு. கேக்குதா?"

கேட்கவில்லை. சாவியோடு அவர் கொடுத்த காகிதத்தில் நான் மூழ்கியிருந்தேன். 'அருகில் பார்க்க வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு அவருடைய மச்சான் முத்து முத்தாகப் பன்னிரண்டு இடங்களை எழுதியிருந்தார், வருகிற விருந்தாளிகளுக்காக. 'ஒன்று: வாசலை விட்டு வெளியே வந்து, வலது கைப் பக்கம் நூறு அடி நடந்தால் கடல். இரண்டு: கடலைப் பார்த்து நின்று இடது பக்கம் திரும்பினால் லைட் ஹவுஸ்...' இப்படிப் போய், மீன் அங்காடி, பூங்கா, பூட்டு ரிப்பேர் கடை, பரோட்டா நல்லா இருக்கும் ஓட்டல் வரைக்கும் வழி இருந்தது. எனக்குப் பாண்டிச்சேரியே கையில் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

ரெண்டு பேர் போவதாகத்தான் பேச்சு. அமுதா அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டாள். வழக்கில் ஜெயித்தவள், தோற்றவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாட்சியைக் காட்ட வேண்டாமா? வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு மாமனாரும் மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். கூடவே ஒரு தூக்கு புளிசாதம், கோரைப்பாய், குத்துவிளக்கு, அரை மூட்டை முருங்கைக்காய், ஒரு பித்தளைப் பால் சொம்பு.

"சொம்பு எதுக்குங்க அத்த?" என்றேன்.

"யாரோ கட்டுன வூட்டுல பால் பொங்காம படுக்கலாமா மாப்ள?" என்றார் மாமியார். மூன்று ராத்திரி தங்கப் போகிற வீட்டுக்குக் கிரகப்பிரவேசம்!

வழியெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தை உருப்போட்டேன். திருக்கோவிலூர் ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் பன்னிரண்டும் மனப்பாடம். "மாப்ள சாமி கும்பிட்டுக்கினு வர்றாரு" என்று மாமியார் பெருமையாகச் சொன்னது காதில் விழுந்தது.

பாண்டிச்சேரியில் ரிக்‌ஷாக்காரர் எங்களைக் கட்டடத்தின் பின்வாசலில் இறக்கிவிட்டார். நான் அதுதான் வாசல் என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கதையின் முழு நாசமும் அந்த இடத்தில் தொடங்குகிறது. எங்கிருந்தோ 'ஹோ'வென்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இன்னாங்க அது சத்தம்?" என்றாள் அமுதா.

"பக்கத்துல மில்லு ஓடுது" என்றேன். (பாண்டிச்சேரியில் மில் உண்டு என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.)

ஃபிளாட் முதல் மாடியில். கதவுக்கு முன்னால் மாமியார் நின்றுவிட்டார். "வெள்ளிக்கெழம பத்தரைலருந்து பன்னெண்டு ராவு காலம். மணி இன்னா மாப்ள?"

என் கையில் கட்டியிருந்தது அவர்கள் கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச். அது விழுப்புரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. போட்டவர்களிடமே போய் அது ஓடவில்லை என்று எப்படிச் சொல்வது? "பன்னெண்டே காலுங்க அத்த" என்றேன். எல்லோரும் வலது காலை எடுத்து வைத்து நுழைந்தோம்.

மளமளவென்று வேலை நடந்தது. சாவியை மரியாதையாகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று பார்த்தேன், பாய் மச்சான் வீட்டில் ஏது சாமி படம்? காலண்டர் ஆணியில் மாட்டினேன். மாமியார் விளக்கேற்றினார். கரண்ட் அடுப்பில் பால் சொம்பு ஏறியது. அந்த அடுப்பில் கம்பி சிவக்கவே கால் மணி நேரம் ஆகும்போலிருந்தது. "கடல பாத்துட்டு வந்துடலாமே" என்றாள் அமுதா. "பால் பொங்காம படி தாண்டக்கூடாது" என்றார் மாமியார். எல்லோரும் சொம்பைச் சுற்றி உட்கார்ந்தோம்.

அப்போது ஊரே அதிர ஒரு சங்கு ஊதியது. மில் சங்கு. மாமனார் பள்ளிக்கூடத்துக்காரர் அல்லவா, மணிச் சத்தத்துக்கு உடம்பு தானாகத் துள்ளும். "பன்னெண்டு மணி சங்கு" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார். "இப்பதான் பன்னெண்டா? அப்ப நாம பூந்தது?"

"சுத்த ராவு காலத்துல" என்றார் மாமனார்.

"எழுந்திரிங்க, எல்லாரும் வெளிய நடங்க! இப்ப முடிஞ்சிப் போச்சில்ல, மறுபடி நல்ல நேரத்துல சோத்தாங்காலு வெச்சி வரலாம். மாப்ள, கதவ நல்லா சாத்துங்க, காத்துல வெளக்கு அணைஞ்சிடப் போவுது."

நான் பொறுப்பான மாப்பிள்ளை. நல்லாச் சாத்தினேன். உள்ளே 'க்ளக்' என்றது.

சோத்தாங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு பேரும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றோம். நான் தள்ளினேன். மாமனார் தள்ளினார். உள்ளே சாவி, உள்ளே விளக்கு, உள்ளே அடுப்பில் பால். சவூதி வெயிலில் ஒரு மனுஷன் ரத்தத்தைச் சுண்டவைத்து வாங்கிய வீடு. பாயின் முகம் கண்முன்னால் வந்தது.

அமுதா நிதானமாகத்தான் இருந்தாள். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். கட்டடத்தை ஒட்டி ஒரு பெரிய வேப்பமரம். அதன் கிளை எங்கள் பால்கனியை உரசிக்கொண்டிருந்தது. "ஏங்க, பால்கனி கதவு தொறந்துதான் கெடக்கு. அந்த மரத்துல ஏறி குதிச்சிடறேன். அஞ்சி நிமிசம்" என்றாள். மலையில் கடுக்காய் மரமும் பலா மரமும் ஏறி வளர்ந்தவள் அவள்.

"புதுப்பொண்ணு, பட்டுப்பொடவையோட மரம் ஏறுவியா? ஊரு சிரிக்காதா? சும்மா இரு. இந்த ஊரு எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன்.

முதலில் பாய்க்குப் போன் போடலாம் என்று கீழ்வீட்டுக்கு ஓடினேன். ரிட்டயரான பெரியவர் ஒருவர் இருந்தார், கள்ளக்குறிச்சிக்கு டிரங்க் கால் புக் பண்ணிக் கொடுத்தார். என் அதிர்ஷ்டம், பத்தே நிமிஷத்தில் லைன் கிடைத்தது.

"தம்பியா! நல்ல வேள காலைலயே போயிட்ட" என்று கத்தினார் பாய். "இங்க எல்லா ரோட்லயும் மரத்த வெட்டி சாச்சிட்டாங்கப்பா. ஒரு வண்டி நகரல. உங்களுக்கு ஒண்ணும் பிரச்சின இல்லையே?"

இன்னொரு சாவி அவரிடம். அவருக்கும் எனக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர் புளியமரம். சொல்லி என்ன பிரயோசனம்? "ஒண்ணும் இல்லீங்க பாய்" என்றேன்.

"வூடு எப்டி, புடிச்சிருக்கா?"

"பிரமாதங்க பாய். உள்ள போவணும்னு மனசு அடிச்சிக்குது."

போனை வைத்துவிட்டு வந்தேன். மீதி இருந்தது காகிதத்தில் ஒன்பதாம் எண், பூட்டு ரிப்பேர் கடை. காகிதம் உள்ளே மாட்டிக்கொண்டாலும் என் மூளையில் பத்திரமாக இருந்ததே! பெண்களை மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு, மாமனாரைக் கூட்டிக்கொண்டு வாசலை விட்டு வெளியே வந்து, வலது கைப் பக்கம் திரும்பி, விறுவிறுவென்று நடந்தேன்.

நூறடி நடந்தேன். கடலைக் காணோம். இருநூறு நடந்தேன். சாக்குமூட்டைக் கடை வந்தது. தைரியத்தை விடாமல் இடது பக்கம் திரும்பினேன். அங்கே உயரமாக ஒன்று நின்றது. "அதாங்க மாமா லைட் ஹவுஸ்" என்றேன். அதன் அடியில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

மாமனார் அந்த வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, கடல் எந்தப் பக்கம்?"

"தோ, அந்தப் பக்கங்க மாமா" என்று கையை நீட்டினேன். நான் நீட்டிய பக்கம் ஊரின் சாக்கடையெல்லாம் சேர்ந்து போகிற பெரிய வாய்க்கால் இருந்தது. அதில் ரெண்டு பன்றிகள் படுத்திருந்தன. அந்த வழியாக வந்த சைக்கிள்காரரை மாமனாரே நிறுத்தி விசாரித்தார்.

"கடலுக்கா? நீங்க வந்த வழியே திரும்பிப் போங்க சார். கடல முதுவுக்குப் பின்னாடி வெச்சிக்கினு இவ்ளோ தூரம் நடந்திருக்கீங்களே!" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்ள. நீங்க கடல பாத்ததே இல்ல. இல்லீங்களா?"

"இல்லீங்க மாமா" என்றேன். அந்த 'இல்ல' என்கிற மூன்றெழுத்தை ஏழு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "நானும் பாத்ததில்ல" என்றார். "இருவத்திரண்டு வருசமா கடல் பாடம் எடுக்கறேன். மேப்புல நீலக்கலரு அடிச்சி அடிச்சி வெரலு தேஞ்சிருச்சி. இதுவரைக்கும் பாத்ததில்ல. அமுதாகிட்ட சொல்லிடாதீங்க."

நட்டநடு ரோட்டில் நானும் அவரும் கூட்டுக் களவாணிகள் ஆனோம். நான் வெளியூர்ச் சரக்கு எடுக்கப் போவேன் என்பது உண்மையா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். பிறகுதான் பால் ஞாபகம் வந்தது. ஓடினோம்.

கட்டடத்துக்கு எதிரே கூட்டம். எங்கள் பால்கனியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் நடுவில் மாமியார், மகளின் செருப்பு ரெண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். பால்கனியில் அமுதா. புடவையை வரிந்து கட்டி, தலையெல்லாம் வேப்பிலையோடு, கையில் கரியாகிப் போன பித்தளைச் சொம்போடு நின்றாள். சாட்சாத் மாரியாத்தா. கூட்டத்தில் ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்று மாமியார் பிற்பாடு சொன்னார்.

"பால் பொங்குச்சாடி?" என்று கீழிருந்து கத்தினார் மாமியார்.

"பொங்கி, வழிஞ்சி, சுண்டி, கருகியும் பூட்சிம்மா!"

"பொங்குச்சில்ல? அது போதும்."

அவள் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட, மேலே ஓடிப் பார்த்தோம். அடுப்புக் கம்பி போயிருந்தது. சுவரில் ஒரு முழம் உயரத்துக்குப் புகைக்கறை. வேறு சேதம் இல்லை. அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது அமுதா என்னைப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னாள்: "மரத்து மேல ஏறுனதும் கடல் தெரிஞ்சிச்சி. இந்தக் கட்டடத்துக்குப் பக்கவாட்டுலயே. அப்டியே திரும்பிப் பாத்தேன். நீங்க எங்கப்பாவ இட்டுக்கினு எதிர்ப்பக்கமா போய்க்கினு இருந்தீங்க. தண்ணி டேங்கப் பாத்து நீங்க கை நீட்டுனதுகூட தெரிஞ்சிச்சி."

சொம்பைத் தூக்கிக்கொண்டு கரியைத் தேய்க்கப் போய்விட்டாள். 

சாயங்காலம் நாலு பேரும் முன்வாசல் வழியாகப் போனோம். அங்கே நின்றால் சரியாக வலது கைப் பக்கம், நூறடியில், கடல். நான் மில் என்று சொன்ன சத்தம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இத்தனை பெரிய ஒன்றை ஒரு மனுஷன் எப்படித் தவறவிட முடியும் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு, பாடப் புத்தகத்தைச் சரிபார்க்கிறவர் மாதிரி ஒரு கை தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்து, "உப்புதான்" என்றார். மாமியார் கும்பிட்டார். அமுதா தனியாகப் போய் அலைக்குப் பக்கத்தில் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"எங்க பாறைல இருந்து தெரியறது?"

"அதையும் நான் பாத்ததில்ல அமுதா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு வயசுலருந்து எல்லாரும் இல்லன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் ஆமான்னீங்க. அதுக்குத்தான் கழுத்த நீட்டுனேன்" என்றாள்.

நான் பட்ட அவமானங்களைப் பட்டியல் போட்டால் ஒரு புத்தகம் போதாது. அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. அழுதுவிட்டேன். கடற்கரையில் சுண்டல் விற்கிறவர் எனக்கு ஒரு பொட்டலம் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் என்று வந்தோம். ரோடு திறக்காததால் எட்டு நாள் இருந்தோம். அடுப்பு இல்லை, காசு தீர்ந்துவிட்டது. அரை மூட்டை முருங்கைக்காய்தான் காப்பாற்றியது. கீழ்வீட்டுப் பெரியவரின் அடுப்பில் காலையும் மாலையும் முருங்கைக்காய்ச் சாம்பார் கொதித்தது. கடைசியில் அவரும் எங்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிட்டார். ராத்திரி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் போராட்டச் செய்தி கேட்போம். தெரிந்த ஊர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

ரெண்டாம் நாள் விடியலில் அமுதா மொட்டை மாடிக்கு ஏறினாள். கடலைப் பார்க்கவில்லை, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்தாள். "இங்கருந்து மல தெரிஞ்சா, மலைலருந்து கடல் தெரியும். அவ்ளோதான கணக்கு?" என்று அப்பாவிடம் கேட்டாள். கணக்கு சரிதான் என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் நாங்கள் மூன்று பேரும் மாடியில் வரிசையாக நின்று மேற்கே பார்ப்போம். கடலைப் பார்க்க வந்த எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள், எங்களை விநோதமாகப் பார்ப்பார்கள்.

ஏழாம் நாள், ராத்திரி மழை பெய்து வெளுத்த காலை. மேற்கே அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ மெலிசாக இருந்தது.

"மலை!" என்றாள் அமுதா.

"மேகம்" என்றார் மாமனார்.

அமுதா என் பக்கம் திரும்பினாள். பெண் பார்த்த அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை. "நீங்க சொல்லுங்க. இன்னா தெரியுது?"

ஆமாம், மலைதான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியல அமுதா. மலையாவும் இருக்கலாம், மேகமாவும் இருக்கலாம். சத்தியமா எனக்குத் தெரியல" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சிரித்தாள். ஏழு நாளில் முதல் சிரிப்பு. "இப்பதான் ஒரு உருப்படியான வார்த்த வந்திருக்குது" என்றாள். நான் உண்மையில் கல்யாணம் செய்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஊர் திரும்பியதும் பாயின் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுப்புக் கம்பியை மாற்றினார். அத்தோடு விட்டாரா? மறுமுறை அந்த ஃபிளாட்டுக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள்: 'அருகில் பார்க்க வேண்டியவை' காகிதத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறதாம், பாயின் கையெழுத்தில். 'பதின்மூன்று: வேப்பமரம். அவசரத்துக்கு ஏறலாம். பெண்களுக்கு மட்டும்.'

வழக்கு இன்னும் முடியவில்லை. மாமனார் சாகிறவரைக்கும் 'மேகம்' என்றே சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்தில் மட்டும் கடல் பாடம் வந்தால், "நானே நேர்ல போயி, நாக்குல வெச்சிப் பாத்திருக்கேன்டா" என்று மார்தட்டுவார். எங்கள் வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் அழுத்தி, 'எனக்குத் தெரியாதா' என்கிற குரலில் சொன்னால் போதும், அமுதா அடுக்களையிலிருந்தே சொல்வாள்: "மரத்து மேலருந்து பாத்துக்கினுதான் இருக்கேன்." அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மருமகளும் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் கடைசிப் பெண்ணைப் பார்க்க ஒரு பையன் வந்தான். நல்ல பையன், சென்னையில் வேலை. கேசரி சாப்பிட்டுக்கொண்டே, "அத்தைக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டான். கரியாலூர் என்றாள் அமுதா. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கல்வராயன் மலையா? லீவு கெடைச்சா அங்கதாங்க போவேன். அங்க எனக்குத் தெரியாத பாறையே கெடையாது" என்றான்.

எங்கள் வீட்டு மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. என் பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அமுதா மட்டும் முகம் மாறாமல் இன்னொரு கரண்டி கேசரியை அவன் தட்டில் வைத்து, "சாப்டுங்க தம்பி. எங்க வூட்டாண்ட ஒரு வேப்பமரம் இருக்குது" என்றாள்.

பையன் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்து விழித்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"தம்பி, தெரியலன்னா தெரியலன்னு இப்பவே உள்ள போயி சொல்லிடுங்க. எங்க வூட்டுப் பொண்ணுங்க மரம் ஏறுவாங்க" என்றேன்.